அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனை, 1664-இல் கோட்டைக்குள்ளே கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கென்று எழுந்த மருத்துவமனையைத் தேடினால் வடசென்னைக்குத்தான் போக வேண்டும். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தச் சத்திரத்தை ஒட்டி 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் தொடங்கிய சிகிச்சை நிலையமே வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. ராயபுரத்துப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகியவர்கள்.

அன்று தர்மமாக நடந்த மருத்துவம் இன்று நம் வரிப்பணத்தில் நடக்கிறது, ஆகவே ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நிற்பவர் யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை. மருத்துவர், செவிலியர் சம்பளமும் கட்டடச் செலவும் மாநில நிதிநிலை அறிக்கையிலிருந்து வருகின்றன. மருந்துகளை 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகத்தில் தரம் பார்த்த பிறகே கிடங்குகளிலிருந்து அனுப்புகிறது. எந்த மருத்துவமனை எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்பதற்கு, வங்கிக் கணக்கைப் போலவே ஒரு பாஸ்புக் உண்டு.

அரசு மருத்துவமனைக்குப் பணம் வரும் இன்னொரு வழியான காப்பீடு பலருக்குத் தெரிவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியார் மருத்துவமனைக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சையை அரசு மருத்துவமனையில் செய்துகொண்டாலும் காப்பீட்டுத் தொகை உண்டு. அது அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்து, கருவிகளுக்கும் இதர தேவைகளுக்கும் உதவுகிறது. எனவே "இங்கேதான் எல்லாம் இலவசமாயிற்றே" என்று அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது, அடுத்த நோயாளிக்குப் பயன்பட வேண்டிய பணத்தை விட்டுவிடுவதாகும். அதே சமயம், அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. இதை உறுதியாகக் கேட்கலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இத்திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்ல வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுவது நல்லது, ஏனெனில் வீட்டில் ஒருவர் படுத்த பிறகு அலைவது கடினம். சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.