கார்னிவல்: ஒரு சொல் விளக்கம், கொலோன் நகரத் தெருவிலிருந்து

தமிழில் ‘கார்னிவல்’ என்றதும் ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் நினைவுக்கு வரும். பொருட்காட்சிக்கு இன்னொரு பெயராகவே அது புழங்குகிறது. கல்லூரி விழா, தள்ளுபடி விற்பனை என்று எதற்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். சொல் பிறந்த இடத்திலோ அது நாட்காட்டியோடு கட்டப்பட்ட ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் திருநீற்றுப் புதனன்று (இலங்கையில் விபூதிப் புதன்) தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களின் ஆட்டம்பாட்டம்தான் கார்னிவல்.

இத்தாலியின் ‘கார்னெவாலே’ வழியாக இது மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. அதற்கும் மூலம் இடைக்கால லத்தீனில் உள்ள ‘கார்னெலெவாரே’. இறைச்சியை அகற்றுதல் என்று பொருள். தவக்காலத்தில் கத்தோலிக்கர் புலால் தவிர்த்ததால் வந்த பெயர். புரட்டாசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கறிக்கடையில் நிற்கும் வரிசையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ‘கார்னே வாலே’, அதாவது ‘இறைச்சியே, போய் வா’ என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் கட்டிய கதை. கப்பல் வடிவ வண்டியைக் குறிக்கும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது என்ற வாதத்தையும் அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்காரர்கள் (நம் வீடுகளில் இருந்த யூடிகோலன் பாட்டிலின் கோலன் இந்த ஊர்தான்) இந்த இரவல் சொல் வருவதற்கு வெகுமுன்பே தங்கள் பேச்சுவழக்கில் ‘ஃபாஸ்டலோவென்ட்’ என்றார்கள். ஃபாஸ்ட் என்பது நோன்பு, ஓவென்ட் என்பது மாலை. நோன்புக்கு முந்தைய மாலை. 1341இலேயே அந்த நகர மன்றத்தின் ஆவணத்தில் இது வருகிறது: இந்தக் கொண்டாட்டத்துக்கு ஊர்ப் பணத்தைக் கொடுக்கக் கூடாதாம்! தடை போடும் அளவுக்குச் செலவு ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைய வடிவம் 1823இல் வந்தது. அப்போது ஊர் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் ஆட்சியில் இருந்தது. கட்டுப்பாடில்லாத தெருக்கூத்தாக இருந்ததை ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து ஒழுங்குபடுத்தி, தவக்காலத்துக்கு முந்தைய திங்கட்கிழமை பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். அந்த ஊர்வலத்தை ஊர்க்காரர்கள் ‘ட்ஸோக்’ என்கிறார்கள். ‘இழு’ என்னும் வினையடியிலிருந்து வந்த சொல்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? செய்தித்தாள்கள் ‘அணிவகுப்பு’ என்று எழுதிவிடுகின்றன. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர்வலத்தில் ‘சிவப்புத் தீப்பொறிகள்’ என்றொரு சங்கம் வரும். கலைக்கப்பட்ட பழைய நகரப் படையின் சிவப்பு வெள்ளைச் சீருடை, கையில் மரத் துப்பாக்கி. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு நின்று, முழங்காலை மடக்கிப் பின்புறத்தை உரசி ஆடுவார்கள். ராணுவ மிடுக்கைக் கேலி செய்யும் ஆட்டம் அது. அதற்குப் போய் ‘அணிவகுப்பு’ என்று பெயர் வைத்தால் கேலியே செத்துவிடும். ஊர்வலம், வீதியுலா இரண்டுமே பொருந்தும். வண்டிகளுக்கு ‘அலங்கார ஊர்தி’ என்று குடியரசு தினத்தால் பழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. ‘பவனி’ வேண்டாம், சாமியோ புனிதரோ வரவில்லை. வருவது இளவரசன், உழவன், கன்னி என்ற மூவர். கன்னி வேடத்தில் ஓர் ஆண்தான் இருப்பார். 1938, 1939இல் நாஜிகளின் நெருக்குதலால் பெண்கள் அந்த வேடம் போட்டார்கள். அப்புறம் பழைய வழக்கம் திரும்பிவிட்டது.

முதல்முறை பார்க்கப் போகிறவருக்கு இரண்டு சொற்கள் கட்டாயம் தெரிய வேண்டும். ஒன்று ‘கமெல்லே’. கேரமல் மிட்டாயிலிருந்து வந்தது. இன்று ஊர்தியிலிருந்து வீசும் எல்லா இனிப்புக்கும் அதுதான் பெயர். கூட்டம் அதைக் கத்தினால் மேலிருந்து கைநிறைய அள்ளி வீசுவார்கள். அனுபவசாலிகள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். மழைக்கு இல்லை, மிட்டாய் பிடிக்க. சாக்லேட் பெட்டி நெற்றியில் பட்டால் வலிக்கும், கண்ணாடி போட்டவர்கள் கவனம். மற்றது ‘அலாஃப்’ என்ற வாழ்த்தொலி. பக்கத்து ஊரான டூசல்டோர்ஃபில் இதே இடத்தில் ‘ஹெலாவ்’ என்பார்கள். கொலோனில் நின்று அதைச் சொல்லாதீர்கள்.

சரி, கார்னிவலுக்கே தமிழ் என்ன? ‘திருவிழா’ ஒத்துவராது. இலங்கைத் தமிழில் நன்கு புழங்கும் ‘களியாட்டம்’ தமிழ்நாட்டில் எழுத்தில் மட்டும் தலைகாட்டுகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. களித்தல் என்றால் இன்று மகிழ்தல் மட்டும்தான். பழந்தமிழில் குடித்து மயங்குதலும் உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘களித்தறியேன்’ என்று எழுதியது அந்தப் பொருளில்தான். குழல் போன்ற 200 மில்லி கண்ணாடிக் குவளைகளில் ஊர் பீர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் கொலோனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நோன்பு என்ற பாதி இதில் விடுபட்டுப்போகிறதே என்றால், முதல் தடவை எழுதும்போது ‘தவக்கால முன்களியாட்டம்’ என்று எழுதிவிட்டு, பிறகு களியாட்டம் என்று சுருக்கிக்கொள்ளலாம். ராட்டினக் கடைக்காரர்கள் கார்னிவல் என்றே வைத்துக்கொள்ளட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பெரிய ஊர்வலம் நடக்கும் நாளின் பெயர் ‘ரோசன்மோன்டாக்’. அகராதியைப் புரட்டினால் ரோஜாத் திங்கள் என்று வரும். கூத்தடித்தல் என்ற பொருளுடைய வட்டார வினையிலிருந்து வந்தது என்று ஒரு சாரார். தவக்காலத்தில் வரும் ரோஜா ஞாயிறோடு தொடர்புபடுத்துகிறார்கள் இன்னொரு சாரார். எப்படியிருந்தாலும் அது ரோஜாப் பூவைக் கொண்டாடும் நாள் இல்லை. ‘களியாட்டத் திங்கள்’ என்று எழுதினால் குழப்பம் வராது.