புகுபதிகை: உலாவியைத் திறக்கவே பெயர் கொடுக்கச் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

நண்பர் ஒருவர் புது வேலையில் சேர்ந்த அன்று கூப்பிட்டார். அலுவலகத்தில் கொடுத்த கணினியில் ரயில் டிக்கெட்டுக்கு பி.என்.ஆர். பார்க்கலாம் என்று உலாவியைத் திறந்திருக்கிறார். பக்கம் எதுவும் வரவில்லை. நடுவில் ஒரு பெட்டி, அதில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது, மூடினால் உலாவியே மூடிக்கொள்கிறது. “லாகின் பண்ணாம உள்ளயே விட மாட்டேங்குது. ஒரு சைட்டுக்குப் போனா கேட்கலாம், சரி. பிரவுசரே ஏன் கேட்குது? இதுக்குத் தமிழ்ல என்னதான் சொல்றது?” என்றார். கடைசிக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் உலாவி. ஆங்கிலத்தில் பிரவுஸ் என்றால் ஆடு மாடு தளிரைக் கடித்துக்கொண்டே நகர்வது. அதிலிருந்துதான் புத்தகக் கடையில் சும்மா புரட்டுவதற்கும், பிறகு வலைக்கும் அந்தச் சொல் வந்தது. தமிழில் நாம் மேய்ச்சலை விட்டுவிட்டு உலாவை எடுத்துக்கொண்டோம், ஆனால் பேச்சில் “நெட்டில் மேஞ்சுட்டு இருந்தேன்” என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே சரியான மொழிபெயர்ப்பு வந்துவிட்டது பாருங்கள். மேய்ந்தாலும் உலாவினாலும், கிளம்பும்போதே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் அந்தச் சொற்களில் இல்லை. நண்பருக்கு எரிச்சல் வந்ததில் நியாயம் இருக்கிறது.

அடுத்து லாகின். லாக் என்பது மரக்கட்டைதான். கப்பலின் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியது என்று எண்ணி ஏட்டில் குறிப்பார்கள். இன்றும் கப்பல் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வது அந்த முடிச்சுதான். கட்டையின் கணக்கை எழுதிய ஏடு ‘லாக் புக்’ ஆனது, பிறகு எதையாவது பதிந்து வைப்பதெல்லாம் லாக் ஆகிவிட்டது.

கணினிக்கு இது வந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, குரோம் உலாவியும் வரப்போகிற கட்டுரையில் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை). அங்கே பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961-ல் இயக்கிக் காட்டினார்கள். ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இயந்திர நேரம் தங்கம் மாதிரி, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு. ஆகவே யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. ‘லாகின்’ என்ற கட்டளையும் கடவுச்சொல்லும் அதற்குத்தான். தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் 1962-ல் எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். லாகின் பிறந்த வேகத்திலேயே அதை ஏமாற்றும் வித்தையும் பிறந்துவிட்டது.

சைன் இன் கதை இன்னும் எளிது: வந்ததற்கு அடையாளமாக ஏட்டில் கையெழுத்துப் போடுவது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி நீட்டும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதேதான். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் ஒரு நோட்டு இருந்தது. 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள், வருகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், உட்கார்ந்த கணினி எது, வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் எழுதி ஓர் ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றன. பார்த்த தளங்களின் பதிவையும் சேர்த்துத்தான்.

ஆக, இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் அடியில் கிடப்பது ஏடு. கதவைப் பற்றிப் பேசுவது அந்த ‘இன்’ மட்டும்தான். ‘உள்நுழைக’ என்று பொத்தானில் எழுதும்போது நாம் அந்தக் கதவை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு ஏட்டைத் தொலைத்துவிடுகிறோம். அதிலும் நுழை என்றாலே உள்ளேதான், வெளியே யாரும் நுழைவதில்லை, அப்புறம் ‘உள்’ எதற்கு? ‘கேட்டுக் கதவு’ கணக்காக இருக்கிறது. பரவலாகிவிட்டது, புரிகிறது, பொத்தானுக்குச் சின்னதாகவும் இருக்கிறது என்பதால் அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் வேறு சொல் இருக்கிறது: புகுபதிகை. வெளியேறுவதற்கு விடுபதிகை. முதலில் பார்க்கிறவர்கள் இது என்ன தேவாரப் பதிகமா என்று கேட்பார்கள், நானும் கேட்டவன்தான். பிரித்தால் புகு, பதிகை. வருகை, செய்கை மாதிரி பதி என்ற வினையோடு ‘கை’ சேர்ந்தது. புகு நமக்குப் புதிதல்ல: புகுமுக வகுப்பு படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. புகுந்த வீடு என்கிறோம். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து நீக்கிச் சான்று வாங்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க அலைந்த யாருக்கும் விடுபதிகை, புகுபதிகை இரண்டையும் தனியாக விளக்க வேண்டாம். உள்ளே போவதும் ஏட்டில் ஏறுவதும் ஒரே செயலாக நடக்கிறது என்பதை அந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2018 செப்டம்பரில் குரோம் 69 வந்தபோது ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். உலாவிக்குள் ஜிமெயிலைத் திறந்து புகுபதிந்தால் உலாவியும் தானாக அதே கணக்கில் புகுபதிந்துகொள்ளும். கேட்காமலே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மறையீட்டியல் (கிரிப்டோகிராஃபி) அறிஞர் மேத்யூ கிரீன், இனி குரோம் வேண்டாம் என்று பகிரங்கமாகவே எழுதினார். பார்த்த பக்கங்களும் புத்தகக்குறிகளும் நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) போய்விடாது, அதற்கு ஒத்திசைவை (சிங்க்) தனியாக இயக்க வேண்டும் என்று கூகுள் தரப்பு விளக்கம் சொன்னது. அது உண்மைதான். ஆனால் நான் ஜிமெயிலின் கதவைத்தானே தட்டினேன், உலாவியின் ஏட்டில் என் பெயரை யார் எழுதியது என்ற கேள்விக்கு அது பதில் ஆகவில்லை. எதிர்ப்பு வலுத்ததும், அடுத்த மாதம் வந்த குரோம் 70-ல் இந்த இணைப்பை அணைத்துவைக்க அமைப்புகளில் ஒரு விசை கொடுத்தார்கள்.

நண்பருக்கு நடந்தது வேறு வகை. நிறுவனங்களின் கணினி நிர்வாகிகளுக்காக குரோமிலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜிலும் ஒரு கொள்கை அமைப்பு (பாலிசி) இருக்கிறது. மதிப்பு 0 என்றால் உலாவியில் புகுபதிகையே கிடையாது. 1 என்றால் விரும்பினால் செய்யலாம். 2 என்றால் கட்டாயம், கணக்கைக் காட்டாமல் உலாவி வேலை செய்யாது. குரோமில் 2 வைத்த பிறகு, அதுவரை கணக்கு இல்லாமல் பயன்படுத்திய பழைய சுயவிவரங்கள் (புரொஃபைல்) பூட்டிக்கொள்ளும், உள்ளே இருந்த புத்தகக்குறிகளைக்கூட எட்டிப் பார்க்க முடியாது. லினக்ஸில் இந்த 2 செல்லாது, 1 என்று எடுத்துக்கொள்ளும். கணினி அலுவலகத்துடையது, அதன் உலாவிக்கு அவர்கள் பூட்டுப் போடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். முதல் நாளே ஒரு வரி சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

சொந்தக் கணினிக்கான உலாவியே இப்படிக் கேட்டதும் உண்டு. ஆர்க் என்ற உலாவியைக் கணினியில் நிறுவினால் கணக்குத் தொடங்காமல் ஒரு பக்கம்கூடப் பார்க்க முடியாது. 2024-ல் அதில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது: ஒருவருடைய கணக்கின் அடையாள எண் தெரிந்தால், அவர் உலாவியில் வேறொருவர் தன் நிரலை ஓடவிடலாம் என்ற நிலை. யாரும் பாதிக்கப்படும் முன்பே சரிசெய்துவிட்டதாக அந்த நிறுவனம் சொன்னது. இருந்தாலும், கணக்கே இல்லாத உலாவியில் இந்த வகை ஓட்டைக்கு வழியே இல்லை. ஏடு ஒன்று இருந்தால்தானே அதில் பக்கம் கிழிக்க முடியும்.

எனவே நண்பரின் கேள்விக்கு நான் கொடுத்த சொல்: கட்டாயப் புகுபதிகை. வாக்கியத்தில், ‘இந்த உலாவியில் புகுபதிகை கட்டாயம்’ என்றோ ‘புகுபதியாமல் உலாவி திறக்காது’ என்றோ எழுதலாம். புதிதாகக் கணக்குத் தொடங்குவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குப் ‘பதிவு செய்’ போதும், இரண்டையும் குழப்பி மின்னாளுமைத் தளங்களில் தவிக்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பேசும்போது லாகின் என்றே சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

சொல்லை எழுதி அனுப்பினேன். “நல்லாருக்கு, ஆனா பெட்டிக்குள்ள அடிக்க இடம் பத்தாது” என்று பதில் வந்தது. பி.என்.ஆரை அவர் கைப்பேசியில் பார்த்துக்கொண்டாராம். ஆர்.ஏ.சி.