வீடு விற்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறீர்களா? பயம் காட்டுகிறவர்களை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சொத்து முகவர் அலுவலகம் நடத்துகிறேன். நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவது இப்போது கூடியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். பேச்சில் கெட்டிக்காரர்கள், அலைவதற்கும் சளைக்காதவர்கள். தமிழும் மலாயும் தண்ணீர்பட்ட பாடு. அப்படியும் சில மாதங்களில் பலர் தொழிலை விட்டுவிடுகிறார்கள். ஏனென்று கேட்டால், "மார்க்கெட் சரியில்லை" என்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினால் உண்மை வெளியே வரும். பெரிய வீட்டு கேட் முன்னால் நின்று மணியடிக்கப் பயம். லோயர் ஆபீசுக்குப் போன் போடப் பயம். "உனக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"தைரியமா இரு" என்று சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது. எனக்குத் தெரிந்து இதில் இரண்டு வகை இருக்கிறது. விஷயம் தெரியாததால் வரும் பயம் ஒன்று, அது படித்தால் போகும். இன்னொன்று, உங்களைப் பணியவைக்க மற்றவர்கள் வேண்டுமென்றே காட்டும் பயம். இதற்கு மருந்து வேறு. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, தப்பு தங்களிடம்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் கூச்சத்துக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. துரை பங்களா பக்கம் காரணமில்லாமல் போகக்கூடாது, கிராணி முன்னால் உட்காரக்கூடாது என்று வாழ்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், நிலம் கைமாறினால் தொழிலாளி தெருவில் நிற்க வேண்டியதுதான் என்ற நிலை வந்தது. அதைத் தடுக்கத்தான் இந்த ஊரில் பிறந்து இந்தத் தொகுதிக்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலத்தைப் பற்றிப் பேச நமக்கென்ன தகுதி என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது. இந்தக் கதையைச் சொல்லித்தான் உட்கார வைப்பேன்.

சரி, தொழிலுக்கு வருவோம்.

முதலில், கழுத்தில் தொங்கும் அந்த டேக். மலேசியாவில் வீடு, நிலம் விற்றுக்கொடுக்கும் தொழில் 1981 ஆம் ஆண்டின் 242 ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புக்குப் போய், பதிவுபெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் எல்.பி.பி.இ.எச். வாரியத்தில் பதிந்தால்தான் 'ரென்' எண், அதாவது முகவரின் கீழ் வேலை செய்யும் விற்பனைப் பேச்சாளருக்கான எண், கிடைக்கும். டேக்கில் உள்ள கியூ.ஆர். குறியை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து நீங்கள் யார், எந்த நிறுவனம் என்று பார்க்கலாம். பல பிள்ளைகள் வீட்டுக்காரர் முன்னால் போகும்போது அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்கிறார்கள். புதிய எண் என்று தெரிந்துவிடுமாம். தயவுசெய்து வெளியே போடுங்கள். "ஸ்கேன் பண்ணிப் பாருங்க ஐயா" என்று நீங்களாகவே நீட்டுங்கள். அனுபவம் எத்தனை வருடம் என்ற கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள். "நான் புதுசுதான். எனக்கு மேலே பதிவுபெற்ற முகவர் இருக்கிறார். கிரான்ட்டைக் காட்டுங்க, பார்த்துட்டு விவரம் சொல்றேன்." இந்தக் கடைசி வாக்கியத்தில் பேச்சு உங்களிடமிருந்து கிரான்ட்டுக்கு, அதாவது நிலப் பட்டாவுக்கு, போய்விடும். அப்புறம் உங்கள் வயதை யாரும் கேட்பதில்லை.

ஆனால் கிரான்ட்டைக் கையில் கொடுத்தால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். புதியவர்களுக்கு நான் அதிக நேரம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். விளம்பரம் போடுவது, படம் எடுப்பது எல்லாம் தானாக வந்துவிடும்.

முதல் பக்கத்தின் மேலே பட்டா எண்ணுக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். பி.என்., பி.எம். என்றிருந்தால் குத்தகை நிலம். கெரான், ஜி.எம். என்றால் நிரந்தர உரிமை. எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்றால் இறுதிப் பட்டா இன்னும் வரவில்லை. அது குத்தகையா நிரந்தரமா என்பதை உள்ளே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேராவில் குத்தகை வீடுகள் நிறைய. எந்த ஆண்டில் முடிகிறது என்று பாருங்கள். மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். விலை பேசும்போது உங்களுக்குக் கை கொடுக்கப்போவது இந்தக் கணக்குதான்.

அடுத்து 'சியாராட் ஞாத்தா', 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற இரண்டு இடங்கள். முதலாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும். தோட்டப்புற ஊர்களில் கிரான்ட்டில் ரப்பர் என்றிருக்கும், நிலத்தில் செம்பனை நிற்கும். வாங்குபவர் கேட்பதற்கு முன்பே இது உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இரண்டாவது இடத்தில், மாநில அரசின் அனுமதியில்லாமல் பெயர் மாற்றக்கூடாது என்று எழுதியிருந்தால், அந்த அனுமதிக்கே தனியாக மாதங்கள் பிடிக்கும். குறைந்த விலை வீடுகளில் இந்தத் தடை அடிக்கடி இருக்கும். பின்பக்கங்களில் வங்கிக் கடனும் யாராவது போட்ட கவியாட்டும், அதாவது பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவும், இருக்கும். வீட்டுக்காரர் கொடுக்கும் பழைய நகலை மட்டும் நம்பாதீர்கள். நில அலுவலகத்தில் புதிதாக ஒரு தேடல் எடுங்கள். செலவு சின்னதுதான்.

ஒரு பெண்பிள்ளையைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த புதிது. அம்மா தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒரு தாமான் வீட்டை விற்க அண்ணன் தம்பிகள் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன், ஆனால் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். மூத்தவருக்குக் கொஞ்சம் அதிகாரக் குரல்.

"இந்தா பாரும்மா, இந்த வாரமே வெளம்பரம் போடு. ஆளும் காசுமா வந்தா நாளைக்கே கையெழுத்து."

அவள் கிரான்ட்டை வாங்கிப் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "அண்ணே, இது அப்பா பேருதானே? அப்பா தவறி எத்தனை வருஷமாச்சு?"

"அது ஆச்சு பத்து வருஷத்துக்கு மேல. நாங்கதான் பிள்ளைங்க, வேற யாரு வரப்போறா?"

"சரிங்கண்ணே. ஆனா அப்பா பேர்ல இருக்கிற வரைக்கும் நீங்க கையெழுத்துப் போட முடியாது. முதல்ல நில அலுவலகத்துல புசாக்கா கேஸ், அதான் வாரிசுச் சொத்து விண்ணப்பம், போட்டு, வாரிசுங்க பேருக்கு மாத்தணும். அக்கா ஒருத்தர் கிள்ளான்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே, அவங்க சம்மதமும் வேணும்."

மூத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பின்னால் நின்ற தம்பி, "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்புறம் ஒரு நாற்காலி வந்தது. ஆரஞ்சு சாறு வந்தது. எந்தப் படிவம், யார் யார் அடையாள அட்டை வேண்டும் என்று மூத்தவரே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, குழையவும் இல்லை. தாளில் இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அப்பா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நம் சமூகத்தில் எத்தனையோ. இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகள் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் விற்பனைக்கு மட்டுமல்ல, அந்தக் குடும்பங்களுக்கே உதவி.

இனி இரண்டாவது வகை. இங்கே நீங்கள் என்ன படித்திருந்தாலும் மிரட்டல் வரும். ஏனென்றால் மிரட்டுகிறவர் நீங்கள் புதியவர் என்று தெரிந்துதான் மிரட்டுகிறார்.

கமிஷன் பேச்சில் இது நன்றாகத் தெரியும். வீடு விற்பனைக்கு நிறுவனம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு. 280,000 ரிங்கிட் வீட்டுக்கு 8,400 ரிங்கிட். இது உச்சவரம்பு, பேசிக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் "ஒரு விழுக்காடு தரேன், வேணும்னா எடு, இல்லன்னா எத்தனையோ பேர் இருக்காங்க" என்று ஒருவர் சொன்னவுடன் தலையாட்ட வேண்டாம். கட்டணத்தை முடிவு செய்வது உங்கள் நிறுவனம். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேங்க" என்பது முழுமையான, மரியாதையான பதில். அதற்குள் பதற்றமும் அடங்கிவிடும்.

இதைவிட ஆபத்தானது இனிப்பாக வரும். "எனக்கு 250 ஆயிரம் கையில வந்தா போதும். மேல எவ்வளவுக்கு வித்தாலும் நீ வச்சுக்க." புதியவருக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரியும். 3 விழுக்காட்டுக்கு மேல் நிறுவனமே வாங்கக்கூடாது என்னும்போது நீங்கள் எப்படி வாங்குவீர்கள்? வீட்டை வாங்கியவருக்கு ஒருநாள் விஷயம் தெரியவரும்போது உங்கள் பெயர்தான் ஊரில் நிற்கும். அதேபோல் புக்கிங் பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போக வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு நாளுக்குக்கூட வாங்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி, சொந்தக்காரர் கேட்டாலும் சரி.

பெரிய ஆள் என்று தெரிந்தவரிடம் ஐசி (அடையாள அட்டை) கேட்கவும் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் சொத்து முகவர் நிறுவனங்களும் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்த்தாக வேண்டும். அது அவரை அவமதிப்பதாகாது. சட்டம் கேட்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுக்கிறவர் பையில் ரொக்கத்தோடு வந்திருந்தால் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.

அடுத்து, "இந்தத் தாமான் என் ஏரியா" என்று சொல்லும் ஆட்கள். காப்பிக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொல்வார்கள். இரவில் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். இவர்களில் சிலர் பதிவே இல்லாத புரோக்கர்கள். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் உங்களை விரட்டப் பார்ப்பதற்குக் காரணமே இதுதான். டேக் போட்ட ஒருவர் அதே தெருவில் நடந்தால் அவர்களுக்குச் சங்கடம். எந்தத் தாமானும் யாருக்கும் ஏரியா இல்லை. பதிலுக்குக் கத்தாதீர்கள். செய்தியை அழிக்காமல் வையுங்கள், உங்கள் முகவரிடம் அன்றே காட்டுங்கள். மிரட்டல் என்றால் போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள், பதிவில்லாதவர் என்றால் வாரியத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தால் தொழில் செய்ய முடியாது என்று உங்களிடம் சொல்கிறவர் யாருக்கு நல்லது செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டம் விற்பனைக்கு வந்திருக்கிறது, உடனே ஆள் கொண்டுவா என்று ஒரு கூட்டம் புதியவர்களைப் பிடிக்கும். 40 ஹெக்டருக்குக் குறையாத, அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின் கீழ் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே பலர் போனை வைத்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களை உங்கள் முகவரிடம் அனுப்புங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. ஆளில்லாத வீட்டையோ செம்பனைத் துண்டையோ காட்டத் தனியாகப் போகாதீர்கள், அந்தி சாய்ந்த பிறகு போகவே வேண்டாம். இடத்தையும் வாடிக்கையாளர் பெயரையும் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இதைப் பயம் என்று யாராவது கேலி செய்தால் அந்த வாடிக்கையாளரை விட்டுவிடலாம்.

கடைசியாகப் பெற்றோரிடம் பேச வேண்டும். இந்தப் பிள்ளைகள் பணிந்துபோவதற்குப் பெரிய காரணம் கையில் காசு இல்லாததுதான். வாங்குபவர் கிடைத்தாலும் கடன் ஒப்புதல் வர வேண்டும், லோயரிடம் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், குத்தகை நிலமென்றால் மாநில அனுமதியும் வர வேண்டும். நிறுவனத்துக்குப் பணம் வந்த பிறகுதான் பிள்ளைக்குப் பங்கு. வங்கி கடனை மறுத்தால் மறுபடி முதலிலிருந்து. சம்பளம் மாதிரி மாதா மாதம் வராது. ஆகவே ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் இருக்கிற வேலையை விட வேண்டாம் என்றுதான் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். காலையில் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையிலும் சனி ஞாயிறிலும் வீடு காட்டட்டும். முதல் சில சந்திப்புகளுக்கு மூத்தவர் ஒருவர் கூட வருவாரா, கிரான்ட் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பீர்களா என்று சேரப்போகும் நிறுவனத்தில் பெற்றோரும் கூடப் போய்க் கேட்கலாம். பங்கு எத்தனை விழுக்காடு என்பதை அதற்கு அப்புறம் கேளுங்கள்.