படிக்கும்போது படம் ஓடுகிறதா?

"நாவல் படிக்கும்போது எனக்குக் காட்சி எதுவும் தெரிவதில்லை. கதை புரிகிறது, சில இடங்களில் அழுகையும் வருகிறது. மற்றவர்களுக்கெல்லாம் சினிமா மாதிரி ஓடுமாமே, எனக்கு ஏதாவது கோளாறா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கோளாறு இல்லை. சினிமா மாதிரி ஓடுகிறது என்று சொல்பவர்களுக்கும், அவர்கள் நம்புகிற அளவுக்கு ஓடுவதில்லை.

இதை முதலில் கணக்கெடுப்பாக நடத்தியவர் ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்ட்டன். காலை உணவுக்கு உட்கார்ந்த மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சமும் கூர்மையும் நிறமும் எப்படித் தெரிகின்றன என்று கேட்டு, முடிவை 1880-ல் வெளியிட்டார். அவருடைய விஞ்ஞானி நண்பர்கள் பலர், மனக்கண் என்பதே சும்மா ஒரு பேச்சு வழக்கு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். 1973-ல் உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் இதையே 16 கேள்விகளாக ஒழுங்குபடுத்தினார். நெருங்கியவர் ஒருவரின் முகம், சூரிய உதயம், அடிக்கடி போகும் கடை, ஏரியும் மரங்களும் உள்ள ஒரு நிலக்காட்சி ஆகியவற்றை நினைத்து, ஒவ்வொன்றின் தெளிவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். இன்று வழக்கமாக எண்ணும் முறைப்படி, எதுவுமே தெரியாதவருக்கு 16, எல்லாமே நேரில் பார்ப்பதுபோலத் தெரிபவருக்கு 80. இதில் ஒரு சிக்கல்: நீங்கள் போடும் 4-ம் நான் போடும் 4-ம் ஒன்றுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சுயமதிப்பீட்டை விட்டுவிட்டு, ஆளின் திறமை எங்கே இடறுகிறது என்று பார்க்கும் சோதனைகள் வந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உளவியலாளர் லீ புரூக்ஸ் 1967-ல் வெளியிட்டது. காகிதமும் பென்சிலும் போதும், வீட்டிலேயே செய்யலாம்.

நான்குக்கு நான்கு என 16 கட்டங்கள் வரையுங்கள். மேலிருந்து இரண்டாவது வரிசையில், இடமிருந்து இரண்டாவது கட்டம்தான் தொடக்கம். இதை எதிரில் இருப்பவருக்குக் காட்டிவிட்டு, தாளை எடுத்துவிடுங்கள். பிறகு மூன்று விநாடிக்கு ஒரு வாக்கியம் என்ற வேகத்தில் சொல்லுங்கள்: தொடக்கக் கட்டத்தில் 1 போடு. அதற்கு வலப்பக்கக் கட்டத்தில் 2 போடு. அதற்கு மேலே 3. வலப்பக்கம் 4. கீழே 5. கீழே 6. இடப்பக்கம் 7. கீழே 8. எட்டும் முடிந்ததும் அவர் வாக்கியங்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் வாக்கியங்களை மனப்பாடம் செய்வதில்லை. மனதுக்குள் கட்டங்களை வைத்துக்கொண்டு பாதையை நடந்து காட்டுகிறார்கள்.

அடுத்த சுற்றில் வேறு பாதை. இந்த முறை வாயால் சொல்லாமல், வாக்கியங்களை எழுதி அதே வேகத்தில் ஒவ்வொன்றாகக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பிழைகள் கூடும். கேட்கும்போது பிசகாமல் நின்ற கட்டம், படிக்கும்போது கலைந்துவிடுகிறது.

படிப்பதே கடினம் என்பதால்தான் அப்படியோ என்ற சந்தேகம் வரும். புரூக்ஸ் அதற்கும் வழி வைத்திருந்தார். மேல், கீழ், வலம், இடம் என்ற சொற்களை எடுத்துவிட்டு நல்லது, கெட்டது, வேகம், மெதுவு என்று அர்த்தமில்லாமல் போட்டார். "அதற்கு வேகமான பக்கத்தில் 2 போடு" என்ற வாக்கியத்தைக் கட்டத்தில் வைக்க வழியில்லை, சொல்லாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே முடிவு தலைகீழானது: படித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள், கேட்டவர்கள் திணறினார்கள். ஆக, படிப்பு பொதுவாக எல்லாவற்றையும் கெடுப்பதில்லை. இடம் சார்ந்த மனக்காட்சியைக் குறிப்பாகக் கெடுக்கிறது.

படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. சுமார் கால் விநாடி ஓரிடத்தில் நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. அந்தத் தாவல்களை வழிநடத்தி எழுத்துகளின் இடத்தைக் கணக்கு வைக்கிற மூளை வசதியும், மனக்கட்டத்தில் "இப்போது எங்கே இருக்கிறோம்" என்று பிடித்து வைக்கிற வசதியும் ஓரளவு ஒன்றே. ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏற்றுவது போலத்தான்.

வீட்டில் செய்யும்போது சோதனை கெடும் இடங்கள் சில உண்டு. எதிரே வெற்றுத்தாளோ தரை ஓடுகளோ இருந்தால் கண் அதில் பாதை போட்டுக்கொள்ளும். விரலும் மடியில் ரகசியமாக நகரும். கைகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சிலர் "வலம், மேல், வலம்" என்று மந்திரம்போல முணுமுணுப்பார்கள். அது சொல் நினைவு, அங்கே வித்தியாசம் மங்கிவிடும். ஒரே பாதையைத் திரும்பத் தராதீர்கள். பாதிப் பேருக்குக் கேட்பதை முதலிலும் மீதிப் பேருக்குப் படிப்பதை முதலிலும் வையுங்கள்.

நினைவாற்றல் ஆய்வாளர் ஆலன் பேட்லி அமெரிக்காவில் இருந்தபோது, கார் ஓட்டிக்கொண்டே வானொலியில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை கேட்டார். ஆட்டத்தை மனதில் பார்க்கப் பார்க்க வண்டி தடம் மாறி அலைந்தது. அவசரமாக இசை நிகழ்ச்சிக்கு மாற்றினார். கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களும் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் நாவல் வாசகருக்குத் தெரிவது என்ன? துண்டு துணுக்குகள். "வானத்தில் கழுகைக் கண்டார்" என்று படித்தவர், சிறகு விரித்த கழுகின் படத்தைச் சட்டென்று அடையாளம் காண்கிறார். "கூட்டில் கழுகைக் கண்டார்" என்று படித்தவருக்குச் சிறகு மடித்த கழுகு எளிது. உளவியலாளர் ரோல்ஃப் ஸ்வான் குழுவினர் 2002-ல் காட்டிய இந்த விளைவு, திரும்பச் செய்து பார்த்தபோதும் நின்றது. ஆனால் பொருள் நின்றிருக்கிறதா, படுத்திருக்கிறதா என்ற விவரத்துக்கு இது பொருந்தவில்லை. 18 மொழிகளில் ஏறத்தாழ 4,000 பேரிடம் பார்த்தும் நம்பத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. வடிவம் வருகிறது, நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பது வருவதில்லை.

2023-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. ஒருவர் அறைக்குள் வந்து, மேசைமேல் இருக்கும் பந்தைத் தட்டிவிடுகிறார். இதை நினைத்துப் பாருங்கள். பந்து என்ன நிறம்? வந்தவர் ஆணா, பெண்ணா? மேசை வட்டமா, சதுரமா? தெளிவாகப் பார்த்ததாக நினைத்தவர்களிலும் பலர், கேட்கும்வரை இவற்றில் சிலவற்றை முடிவே செய்திருக்கவில்லை. நிறமே இல்லாத பந்து என்று ஒரு புகைப்படம் இருக்க முடியாது. மனதில் இருக்கலாம். கதாநாயகியின் முகத்தை மூக்கு வரை பார்த்தேன் என்று சாதிப்பவரிடம், காதில் என்ன போட்டிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

மனக்காட்சி எதுவுமே தெரியாத நிலைக்கு 2015-ல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸீமன் குழு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தது. முற்றிலும் இல்லாதவர்கள் சுமார் 1 சதவீதம், மிக மங்கலாகத் தெரிபவர்களையும் சேர்த்தால் சுமார் 4 சதவீதம். சிட்னியில் ஜோயல் பியர்சன் குழு, இப்படிப்பட்டவர்களையும் மற்றவர்களையும் இருட்டறையில் உட்கார வைத்து, சுறா துரத்துவது போன்ற திகில் கதைகளைப் படிக்கக் கொடுத்து, தோலின் வியர்வையை அளந்தது. மனக்காட்சி உள்ளவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய தட்டையாகவே இருந்தது. பயமுறுத்தும் புகைப்படங்களைக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஏறியது. அதாவது பயம் பழுதடையவில்லை, எழுத்திலிருந்து பயத்துக்குப் போகும் பாதைகளில் ஒன்றுதான் இல்லை. 2024-ல் வெளியான வாசிப்பு ஆய்வொன்றில், இவர்கள் கதையில் மூழ்குவது சற்றுக் குறைவாக இருந்தது. கதையை ரசித்ததில் வித்தியாசம் இல்லை.

இவற்றில் பல ஆய்வுகளுக்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். நம் கல்லூரி உளவியல் துறைகள் புரூக்ஸ் சோதனையைத் தமிழில் செய்ய ஒரு கட்டு தாள் வாங்கும் செலவுதான் ஆகும். ஆனால் பெற்றோரின் பணம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிறோம் என்று சொல்லும் "மிட் பிரெயின்" வகுப்புகளுக்குப் போகிறது. அங்கே வேலை செய்வது நடுமூளை அல்ல, மூக்கோரம் விடுபட்ட இடைவெளி. அதை அடைத்துவிட்டால் திறமையும் அடைபடுகிறது.

படம் வராதவர்கள் படைப்புத் தொழிலுக்கு ஆகமாட்டார்கள் என்பதும் பொய். பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கு மனக்காட்சி கிடையாது. டிஸ்னியில் வரைந்து புகழ்பெற்ற கிளென் கீனுக்கும் கிடையாது.

பிறந்ததிலிருந்தே இப்படியென்றால் சிகிச்சை எதுவும் தேவையில்லை. முன்பு தெரிந்துகொண்டிருந்த காட்சி திடீரென்று நின்றுபோனால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஸீமன் 2010-ல் விவரித்த நோயாளி அப்படித்தான் வந்தார்: 65 வயது, ஓய்வுபெற்ற கட்டட ஆய்வாளர். இதய ரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் மனக்காட்சி முழுவதும் போய்விட்டது. முகங்களை அடையாளம் காண்பதிலும், காட்சி சார்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலும் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.