நான்கு விரல் ஒரு மணி நேரம் ஆகாது: கடிகாரம் இல்லாமல் மலையில் பொழுதைக் கணிப்பது பற்றி

மலையேற்றக் குழுக்களை வழிநடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், கைப்பேசி அணைந்துபோனால் பொழுது அடைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணிப்பதற்கு, எனக்குச் சொல்லித் தரப்பட்ட முறையையே நானும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கையை முழுவதும் நீட்டி, விரல்களைக் கிடையாகச் சேர்த்து வைத்து, சூரியனின் கீழ் விளிம்புக்கும் அடிவானத்துக்கும் இடையில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ண வேண்டும். ஒரு விரலுக்கு 15 நிமிடம். நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம். இன்றும் இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இந்தக் கணக்குதான்.

ஒரு டிசம்பர் மாலையில் பழனி மலையின் சரிவு ஒன்றில் எட்டுப் பேருடன் ஒரு பாறையில் அமர்ந்திருந்தேன். சூரியனுக்குக் கீழே சரியாக நான்கு விரல் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், கால் மணி நேரம் ஓய்வெடுக்கலாம் என்று குழுவிடம் சொன்னேன். எங்களுடன் வந்த பளியர் இனத்துப் பெரியவர் மேற்கே பார்க்கவில்லை. எதிரே கிழக்குச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த மலை நிழலைப் பார்த்துவிட்டு, "அரை மணி தாங்காது சார், பொழுது விழுந்துரும், கெளம்புங்க" என்றார். நான் என் விரல்களை நம்பினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினோம். சோலைக்குள் நுழைந்தபோதே பாதை மங்கலாகிவிட்டது; கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை இரண்டு டார்ச் விளக்குகளை வைத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி கடந்தோம். யாருக்கும் அடிபடவில்லை என்பதற்கு என் திறமை எந்த விதத்திலும் காரணமில்லை.

எங்கே தவறியது என்பதைப் பின்னர் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். நீட்டிய கையில் நான்கு விரலின் அகலம் ஏறத்தாழ 8 டிகிரி. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. சூரியன் அடிவானத்தை நோக்கி நேர்குத்தாக இறங்கினால், 8 டிகிரியைக் கடக்க 32 நிமிடமே போதும். சாய்வாக இறங்கினால் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் அட்சரேகை. லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மிகவும் சரிந்து இறங்குவதால் நான்கு விரலைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகிறது. அங்கே அந்த விதி உயிரைக் காக்கும். 10, 11 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நம் மலைகளில் சூரியன் ஏறக்குறைய நேராக விழுகிறது. ஆண்டின் எந்த மாதத்திலும் நான்கு விரலுக்கு 32 முதல் 36 நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. ஆகவே நம் ஊரில் ஒரு விரல் என்பது 8 அல்லது 9 நிமிடம். குளிர்நாட்டு விதியை இங்கே அப்படியே பயன்படுத்துபவர், இருக்கும் நேரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக எண்ணிக்கொள்கிறார்.

பொழுது அடைந்த பிறகு கிடைக்கும் அந்தி வெளிச்சத்திலும் இதே வேறுபாடு உண்டு. லண்டனின் ஜூன் மாதக் கருக்கல் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும்போது, நமக்குக் கிடைப்பது 21 முதல் 23 நிமிடம். அதுவும் வெட்டவெளியில்தான், மரங்கள் அடர்ந்த சோலைக்குள் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. மேலும், மலையில் நாம் பார்க்கும் மேற்கு விளிம்பு பெரும்பாலும் உண்மையான அடிவானம் அன்று. மேற்கே ஒரு முகடு 10 டிகிரி உயரத்துக்கு எழுந்து நின்றால், சமவெளியில் பொழுது அடைவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்பே நமக்கு வெயில் போய்விடும். பள்ளத்தாக்கில் இருப்பவர் அந்தப் பெரியவரைப் போல எதிர்ச் சரிவைப் பார்ப்பதே நல்லது: மேற்கு முகட்டின் நிழல் கிழக்குச் சரிவில் எந்த மரம்வரை ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, சிறிது தூரம் நடந்த பின் மீண்டும் பார்த்தால், மீதியிருக்கும் வெயிலைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

சூரியனை நேராகப் பார்த்து விரல் வைப்பது கண்ணுக்கும் கேடு. பகலில் நான் இப்போது சொல்லித்தருவது நிழல் கணக்கு மட்டுமே. கையில் இருக்கும் தடியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலை அதே தடியால் அளக்க வேண்டும். பிற்பகலில் நிழல் தடியின் நீளத்துக்குச் சமமாக இருந்தால், நம் அட்சரேகையில் பொழுது அடைய மார்ச், செப்டம்பர் மாதங்களில் 3 மணி நேரமும், டிசம்பரில் 3 மணி 40 நிமிடமும் இருக்கும். நிழல் இரண்டு தடி நீளமானால், எந்த மாதமாக இருந்தாலும், 1 மணி 50 நிமிடம் முதல் 2 மணி நேரம்வரை. மூன்று தடியானால் 1 மணி 15 நிமிடம் முதல் 25 நிமிடம்வரை. திரும்பிச் செல்லும் பாதைக்கு இரண்டு மணி நேரம் தேவை என்றால், நிழல் இரண்டு தடியைத் தொடுவதற்கு வெகு முன்பே திரும்பிவிட வேண்டும். காலையிலும் இதே அளவுகள் பொருந்தும். அப்போது அவை பொழுது விடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைச் சொல்லும். சரிவில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பிற்பகலில் கிழக்கு நோக்கி மேடேறும் தரையில் நிழல் குட்டையாக விழுந்து, இல்லாத நேரத்தை இருப்பதாகக் காட்டும்.

நம் முன்னோர் துரும்பை வைத்து நாழிகை பார்த்த முறையைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். 16 விரற்கடை (ஒரு விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம்) நீளமுள்ள துரும்பை எடுத்து, ஒரு பகுதி தரையில் கிடக்க மறுபகுதி நிமிர்ந்து நிற்கும்படி மடித்து, நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியில் சரியாக முடியும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். அப்போது நிற்பது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. முற்பகலில் கழிந்தது, பிற்பகலில் மீதியிருப்பது. ஒரு நாழிகை 24 நிமிடம். இந்த முறையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே அதைச் சோதித்தும் பார்த்தேன். மார்ச் மாத இறுதியில் துரும்பு 10 விரற்கடை நின்றால் மீதி 4 மணி நேரம் என்று அது சொல்வது ஓரிரு நிமிட வேறுபாட்டில் சரியாகவே இருக்கிறது. ஆனால் 2 விரற்கடை நிற்கும்போது அது 48 நிமிடம் என்கிறது. சூரியன் அப்போது அடிவானத்துக்கு மேல் 8 டிகிரியில்தான் நிற்கிறது, அதாவது 35 நிமிடம் போல. மார்கழியில் நிலைமை வேறு. நடுப்பகலிலேயே சூரியன் 56 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால், துரும்பு அதிகபட்சம் ஒன்பதரை நாழிகை காட்டும். உண்மையில் அந்த நேரத்தில் பொழுது அடைய 14 நாழிகைக்கு மேல் இருக்கும். வெயில் உயர்ந்திருக்கும் நேரத்தில், சித்திரையை ஒட்டிய மாதங்களில் துரும்பை நம்பலாம். பொழுது சாய்ந்த பிறகு, நேரம் மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், நம்பக் கூடாது.

இத்தனை பாடு எதற்கு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது நமக்கே தெரியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். ஒரு பயணத்தில் இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிப்போனது. காலைக் கட்டி, மாற்றி மாற்றித் தூக்கி, ஒரு காவல் குடிசைவரை கொண்டுவந்த பின், விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான்கு பேரிடம் கேட்டேன். தூக்கி வந்த இருவர் அரை மணி நேரம் என்றார்கள். பின்னால் வெறுங்கையுடன் நடந்தவர் ஒரு மணி என்றார். அடிபட்டவர் மூன்று மணி நேரமாவது இருக்கும் என்றார். விழுந்த இடத்தில் நிழல் ஒரு தடியாக இருந்ததை நான் பார்த்து வைத்திருந்தேன். குடிசை வாசலில் அது இரண்டு தடிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டுக்குச் செல்ல 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 40 நிமிடம்வரை ஆகும். நால்வரில் ஒருவர் மட்டுமே அருகில் வந்திருந்தார். பாம்புக்கடியிலும் வெயில் மயக்கத்திலும் மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, எப்போது நடந்தது என்பது. அதற்கு நாம் மனக்கணக்கை விடையாகக் கொடுத்தால் அவருடைய கணிப்பும் பிசகும். விபத்து நடந்த உடனே நிழலை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மனம் காலத்தை எப்படிச் சுருக்கும் என்பதற்கு மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையின் ஒரு குகைக்குள் கடிகாரமின்றி இறங்கிய அவர், செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே எண்ணிக்கொண்டிருந்தார். நொடிக்கு ஒன்றாக 120 வரை அவர் எண்ணி முடிக்க உண்மையில் 5 நிமிடம் ஆனது. உடல் வெப்பம் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும்: அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட், காய்ச்சலில் கிடந்த தம் மனைவியை 60 நொடிகளை எண்ணச் சொன்னபோது, காய்ச்சல் ஏற ஏற அவர் இன்னும் வேகமாக எண்ணி முடிப்பதைக் கண்டு 1933-இல் பதிவு செய்தார். எனவே காய்ச்சலோ வெயில் தாக்கமோ உள்ள ஒருவர் "வெகு நேரமாயிற்று" என்று சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நாடித் துடிப்பை எண்ணி நேரம் பார்க்கலாம் என்ற யோசனையும் ஏற்றம் ஏறியவருக்கு உதவாது. துடிப்பு ஓய்வு நிலையைப்போல் இரண்டு மடங்காகியிருக்கும்.

மூடுபனி இறங்கி நிழலே விழாத நாளில் கடந்த தூரம்தான் கடிகாரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்குப்படி, சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம். இது பழகிய கால்களுக்கானது. முதன்முறை வரும் குழுக்களுக்கு நான் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன், அப்போதுதான் பெரும்பாலும் சரியாக வருகிறது. மேகமூட்டத்தில் சில்வண்டுகளின் இரைச்சலை மட்டும் வைத்து அந்தி வந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். கருமேகம் கவிந்தாலும் அவை கத்தத் தொடங்கும்.

இரவில் சிக்கிக்கொண்டால் நடக்காமல் அமர்ந்திருப்பதே நல்லது, அப்போது காத்திருப்பை அளக்க விண்மீன்கள் உதவும். நீட்டிய கையில் விரல்களை மடக்கிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி, அதாவது 40 நிமிடம். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைபவை. நம் அட்சரேகையில் அவை செங்குத்தாக ஏறுவதால் முட்டிக் கணக்கு அவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். டிசம்பர் நடுவில் அவை பொழுது அடையும் வேளையை ஒட்டி எழுந்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்து, விடியலில் மேற்கே இறங்கும். முழுநிலவும் அப்படியே.

விரல் கணக்கை நான் முற்றிலும் கைவிடவில்லை. ஒவ்வொருவரும் தம் விரலுக்குத் தாமே அளவு கண்டுகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைநீளமும் விரல் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். மேற்கு அடிவானம் திறந்து தெரியும் வயல்வரப்பிலோ ஏரிக்கரையிலோ, சூரியன் சிவந்து மங்கிய பின் அதைக் கையால் மறைத்தபடி, இரண்டு விரல் உயரத்திலிருந்து அது முழுவதும் மறையும்வரை கடிகாரத்தில் பார்த்து, மூன்று நான்கு மாலைகள் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு விரலுக்கு 17 நிமிடம் வருகிறது. எங்கள் குழுவில் இருக்கும், கை சற்றுச் சிறிய தோழி ஒருவருக்கு 14 நிமிடம். அந்த எண்ணை அவர் தம் தடியின் கைப்பிடியில் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்.