இரண்டு கிற், ஒரு கடை: பசை எடுக்க முதல் அடிமட்டத்தை எடுங்கள்

பொம்மை வீட்டுக் கிற் (வெட்டிய பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி) இரண்டைச் சேர்த்துச் சின்னக் கடையாக்கும் வேலையில், முழுவதும் ஒட்டி முடித்த பிறகுதான் திருத்தக் கொண்டு வருகிறார்கள். இந்த வாரமும் ஒன்று வந்தது. இடது பக்கம் 1:12, வலது பக்கம் 1:24. நடுச்சுவரை அறுத்து, சூப்பர் க்ளூ விட்டு இறுக்கியிருக்கிறது. "கொஞ்சம் நேராக்கித் தாங்க" என்று கேட்டால் என்ன செய்வது? அதைப் பிரிக்கத்தான் முடியும். பிரித்தால் பலகையின் தோலும் சேர்ந்து வரும்.

"இரண்டும் சின்னதுதானே" என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். 1:12 என்றால் உண்மையான ஓர் அடி ஓர் அங்குலமாகிறது. 1:24 என்றால் அரை அங்குலம். பாதிதானே, சமாளிக்கலாம் என்கிறார்கள். நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, உயரத்திலும் பாதி. ஆக, கொள்ளளவு எட்டில் ஒன்று. மூன்றடி உயரக் கடை மேசை 1:12இல் மூன்று அங்குலம் வரும். ஐந்தரை அடி ஆள் 1:24இல் இரண்டேமுக்கால் அங்குலம். அந்த வாடிக்கையாளர் அந்த மேசைக்கு முன்னால் நின்றால் தலை வெளியே தெரியாது! ஒன்பது அங்குல வாயுள்ள தயிர்ச் சட்டி ஒரு கிற்றில் 19 மி.மீ., மற்றதில் 9.5 மி.மீ. ஒரே தட்டில் இரண்டையும் வைத்தால் ஒன்று அண்டா, ஒன்று சிரட்டை. பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் இதைத்தான் முதலில் பிடிக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். கிற்றின் கதவு உயரத்தை மி.மீ.இல் அளந்து, உண்மையான கதவின் உயரமான 2100ஐ அதனால் வகுங்கள். 88 என்றால் ஏறக்குறைய 24. 175 என்றால் 12. 70 வந்தால் அது 1:30, பெட்டி என்ன சொன்னாலும். கதிரையின் இருக்கை உயரத்தையும் பாருங்கள்: 1:12க்கு 37 மி.மீ., 1:24க்கு 19 மி.மீ. அளவில் வர வேண்டும். கதவு ஒன்று சொல்லி, கதிரை வேறு சொன்னால் கதிரையின் பக்கம் நில்லுங்கள். கடையைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது சாமானைத்தான்.

வேறு அளவுக் கிற்றுக்கும் ஓர் இடம் உண்டு. 1:12 கடையின் பின்கதவுக்கு அப்பால், தூரத்துத் தெருவாக 1:24 வைக்கலாம். நடுவில் இடைவெளி விட்டு, கதவு வழியாக மட்டும் தெரியவேண்டும்.

அளவு ஒன்றானாலும் பலகைத் தடிப்பு ஒன்றாக இராது. ஒன்று 2 மி.மீ., மற்றது 3 மி.மீ. என்றால் நாக்கும் (பலகை ஓரத்தில் நீட்டி நிற்கும் துண்டு) அது போய்ச் செருகும் துவாரமும் பொருந்தாது, தரையிலும் படி விழும். இரண்டையும் 9 மி.மீ. பிளைவூட் ஒன்றின் மேல் ஏற்றுங்கள். தாழ்ந்த தரைக்கு அடியில் மட்டை வைத்து உயர்த்துங்கள். கூரை மட்டம் வேறுபட்டால் இரண்டின் முகப்புக்கும் குறுக்கே ஒரே பெயர்ப்பலகை போட்டு மறைக்கலாம். நம் ஊர்ப் பழைய கடைகளின் பலகைக் கதவுக்கு ஐஸ்கிறீம் குச்சி எடுக்கலாம்; அது பொதுவாக 10 மி.மீ. அகலம், 114 மி.மீ. நீளம். 1:24க்கு வெட்டிப் போடலாம். 1:12க்கு நீளமே காணாது. மெல்லிய பல்சா பலகை வாங்குங்கள்.

நடுச்சுவரை முழுதாக எடுக்காதீர்கள். முதலில் பசையில்லாமல், மாஸ்கிங் டேப்பால் முழு வீட்டையும் நிறுத்திப் பார்த்து, எது எதைத் தாங்குகிறது என்று பென்சிலால் குறியுங்கள். இரு பக்கத்திலும் மேற்புறத்திலும் 15 மி.மீ. சுவர் விட்டு வாசல் வெட்டுங்கள்; மேலே 6 மி.மீ. சதுர மரத்துண்டை உத்திரமாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மேல்தளம் வளையும்; வளைந்தால் மாடி யன்னல் பூட்டாது. எம்.டி.எப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையை வெளியில் வைத்து, முகமூடி போட்டு வெட்டுங்கள். அந்தத் தூசு நல்லதல்ல.

இனி நம் காலநிலை. வாடைக்கால மழையில் எம்.டி.எப். ஈரம் குடித்து ஊதும். கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும். வெட்டிய ஓரம்தான் அதிகம் குடிக்கும். அதனால் பூச்சுக்கு முன் ஓரங்களுக்கு சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளையை அடைக்கும் அடிப்பூச்சு) இரண்டு தடவை. சுவரின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பலகை வளையும். மறுபக்கத்துக்கும் ஏதாவது ஒட்டுங்கள். துவாரங்களுக்குள் பூச்சு போகவிடாதீர்கள், நாக்கு உள்ளே போகாது.

பலகைக்கு வெள்ளை மரப் பசை. சூப்பர் க்ளூவின் ஆவி அக்ரிலிக் யன்னலில் வெள்ளையாய்ப் படியும். ஈரக் காற்றில் இன்னும் மோசம். மருதமுனைச் சாரிக் கடை செய்கிறவர்கள் கவனம்: பருத்தித் துணியில் சூப்பர் க்ளூ சொட்டினால் சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும்.

விளக்கு. இரண்டு கிற்றின் வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட்டில் எரியாது; சமாந்தரமாக இணைக்க வேண்டும். 5 வோல்ட் போன் சார்ஜரில் நேராகக் கொடுத்தால் கருகும். ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் தடையி போடுங்கள். வீட்டுக் கரண்ட் வயரைக் கடைக்குள் கொண்டு போகவே வேண்டாம்.

பற்றரியைப் பற்றி மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். கிற்றோடு போடும் சீஆர் 2032 நாணயப் பற்றரி 20 மி.மீ. அகலம். பிள்ளை விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெந்து போகலாம். பழைய பற்றரியும் அப்படித்தான். அதை எடுத்துவிட்டு, ஆணி முடுக்கி மூடும் பெட்டியில் இரண்டு பென் டோர்ச் பற்றரி போடுங்கள், அதே 3 வோல்ட். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், அழுகிறதா இருமுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், எக்ஸ்ரே உள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போங்கள். மட்டக்களப்பில் என்றால் போதனா வைத்தியசாலை. பற்றரி வந்த உறையையும் கையோடு எடுத்துப் போங்கள்.