சீக்வென்சர்: தமிழில் என்னவென்று சொல்வது?

முதன்முதலில் ஒரு சின்ன சீக்வென்சரை வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, ஹெட்போன் செருக இடம் தேடினேன். அப்படி ஒரு துளையே இல்லை. சிவப்பு விளக்குகள் மட்டும் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன, சத்தம் ஒன்றையும் காணோம். பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பொருளில் பழுதில்லை, சீக்வென்சர் என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியவில்லை.

சீக்வென்சர் சத்தம் எழுப்பாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒலி எழுப்பும் இன்னொன்றுக்கு உத்தரவு போடும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த இன்னொன்று கம்பியில் இணைத்த தனி சிந்தசைசராக இருக்கலாம், அதே பெட்டிக்குள்ளும் இருக்கலாம். கையில் பிடித்து இசைக்கும் கருவிகளில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன, அதனால் பெட்டி முழுவதையும் சீக்வென்சர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உத்தரவு போடுவது வேறு, பாடுவது வேறு. தமிழ்ச் சொல் தேடும்போது இதை மறந்தால் தப்பான இடத்தில் போய் நிற்போம்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'செக்வி' என்றால் பின்தொடர்தல், அதிலிருந்து 'செக்வென்சியா', அதாவது அடுத்து வருவது. இந்தச் சொல் இசைக்குள் நுழைந்தது மின்சாரத்துக்கெல்லாம் வெகு காலம் முன்பு: ஐரோப்பியத் தேவாலயங்களில் அல்லேலூயாவைத் தொடர்ந்து பாடிய ஒரு பாடல்வகைக்கு இதுதான் பெயர், 9ஆம் நூற்றாண்டில் செயின்ட் கால் மடத்துத் துறவி நோட்கர் அந்த வகையில் பேர்போனவர். பிறகு மேற்கத்திய இசை இலக்கணத்தில் சீக்வென்ஸுக்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. ஒரு சிறு இசைத்துண்டையே ஒவ்வொரு படியாக உயர்த்தியோ தாழ்த்தியோ திரும்பப் பாடுவது. நம் கர்நாடக இசைப் பயிற்சியான அலங்காரத்தில் சரிகம, ரிகமப, கமபத என்று ஏறுகிறோமே, அதேதான். கருவியின் பெயருக்கும் இந்தப் பொருளுக்கும் நேரடி உறவில்லை, ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கருவிக்குப் பெயர் வந்த கதை எளிது. 1960களில் மூக் என்ற நிறுவனம் செய்த சிந்தசைசர்களில் 960 என்ற எண் கொண்ட ஒரு பாகம் உண்டு, அதன் பெயர் 'சீக்வென்ஷியல் கண்ட்ரோலர்'. பக்கவாட்டில் 8 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக 3 குமிழ்கள். முதல் நிலையிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொன்றாக நகரும், அந்தந்த நிலையின் குமிழ்களில் வைத்த மின்னழுத்தத்தை வெளியே அனுப்பும், திரும்ப முதலுக்கு வரும்.

அது அலமாரி அளவு. கைக்கு வர நாளானது. காசியோவின் விஎல்-1 கால்குலேட்டராகவும் இருக்கும், 100 சுரங்களை நினைவில் வைத்து வாசிக்கவும் செய்யும். 1990இல் யமஹாவின் க்யூஒய்10 ஒரு வீடியோ கேசட் அளவுக்குள் பல தடங்களை அடக்கி பேட்டரியில் ஓடியது. எனக்குப் பிடித்த திருப்பம் கேம்பாய்தான். 1989இல் விளையாடுவதற்காக வந்த அந்தப் பெட்டியில் 4 ஒலித்தடங்கள் இருந்தன, அவ்வளவு போதும் என்று நானோலூப், லிட்டில் சவுண்ட் டிஜே போன்ற மென்பொருள்களை எழுதி அதையே சீக்வென்சராக்கிவிட்டார்கள். 2015இல் வந்த பாக்கெட் ஆபரேட்டர்கள் என்ற சின்னக் கருவிகள் மறுபடியும் கால்குலேட்டர் போலவே இருக்கின்றன, மேலுறைகூடக் கிடையாது, வெறும் சர்க்யூட் பலகை, 16 பொத்தான்களில் 16 படிகள், அதாவது நிலைகள்.

சரி, தமிழுக்கு வருவோம்.

'வரிசையாக்கி' என்று எழுதுகிறார்கள். கலைந்து கிடப்பதை அடுக்கி வைப்பது போன்ற ஒலி அதில் இருக்கிறது. சீக்வென்சர் எதையும் அடுக்குவதில்லை, அடுக்குவது நாம். போதாக்குறைக்கு மரபணு ஆய்வுக்கூடத்துக் கருவிக்கும் அதே பெயர் பொருந்திவிடும். 'தொடரி' லத்தீன் வேருக்கு மிக நெருக்கம், ஆனால் அதை ரயிலுக்குக் கொடுத்தாயிற்று. 'கோவை' அழகான சொல்: கோத்தல் என்றால் மணிகளைச் சரத்தில் சேர்ப்பது, சுரக்கோவை, இசைக்கோர்ப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவைதாம். (கோர்த்தல் என்று இடையில் ஒரு 'ர்' புகுந்தது பேச்சு வழக்கால். விட்டுவிடலாம்.) ஆனால் இசைக்கோர்ப்பு என்றால் இப்போது இசையமைப்பாளரின் வேலை என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறோம்.

என் ஓட்டு 'இசைநிரலி'க்கு. நிரல் என்றால் வரிசை, கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பும் நிரல்தான். வரிசையாக ஓடும் கட்டளைகள் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. இலக்கணத்தில் நிரல்நிறை என்று படித்திருப்போம்: 'கண்ணும் காதும் பார்த்தன, கேட்டன' என்றால் முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது. அந்த 960இல் நிலைகளும் குமிழ்களும் பொருந்துவது அச்சு அசலாக இப்படித்தான். மூன்றாம் நிலைக்கு ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாம் குமிழ், மாறவே மாறாது.

கையில் பிடித்து இசைக்கும் வகைக்கு முன்னால் போட 'கையடக்க' என்ற அடைமொழியைத் தேடிப் போக வேண்டியதில்லை, கையடக்கப் பதிப்பு, கையடக்கத் தொலைபேசி என்று முன்பே புழங்குகிறது. ஆனால் எடுத்துச்செல்ல முடிகிற எல்லாமே கையடக்கம் ஆகாது. மேசைமேல் வைத்தால்தான் வாசிக்க முடியும் என்றால், பையில் அடங்கினாலும் அதைப் பையடக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கூட வரும் சொற்களுக்குக் கவலையே வேண்டாம், நம் இசையிலேயே இருக்கின்றன. ஸ்டெப் என்பது படி. பேட்டர்ன், அதாவது படிகளின் தொகுப்பு, ஒரு சுற்று ஓடி முடிவது ஆவர்த்தனம். வழக்கமான 16 படி என்பது நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நான்கு, அதாவது சதுரச்ர நடை. இப்படி இரண்டு பேட்டர்னை அடுத்தடுத்து இணைத்தால் 32 படியில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் முடிந்துவிடும். பேட்டர்ன் நீளத்தை 12 ஆகக் குறைத்து, எண்ணிக்கைக்கு மூன்று படி என்று வைத்தால் திச்ர நடை. தாளம் தெரிந்தவருக்கு இந்தப் பெட்டியின் கையேட்டில் பாதி பக்கம் தேவைப்படாது.

ஸ்விங் ஒன்றுதான் மாட்டேன் என்கிறது. இரட்டைப்படை எண்ணில் வரும் படிகளை மட்டும் ஒரு துளி தாமதமாக ஒலிக்க வைப்பது அது. 'தள்ளாட்டம்' என்று ஒரு நண்பர் சொன்னார். சிரித்துவிட்டு ஸ்விங் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.